நிற்கக் கிடைத்த பதினோரு நிமிடம்

போன வாரம் நம் தையல்காரியை ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியின் பின்சீட்டில், நாத்தனாரின் மடியில் தலைவைத்துப் படுத்த நிலையில் விட்டிருந்தோம். ஏழு நாளாக ஒரு பெண்ணை அப்படியே போட்டு வைத்ததற்கு என்னைச் சிலபேர் மனசுக்குள் திட்டியிருப்பீர்கள். திட்டு நியாயமானதுதான். ஆனால் படுக்கை அவளுக்குப் புதிதில்லை. நாலு மாதமாக அவள் படுத்துத்தான் கிடக்கிறாள்.

இந்த வாரம்தான் படிக்க வந்தவர்களுக்கு நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். அவள் தலைக்குள், மூளையை ஒட்டி ஒரு நீர்க்கட்டி. பிறக்கும்போதே கூட வந்திருக்கலாம் என்றார்கள். முப்பத்தோரு வயது வரை மூச்சுக் காட்டாமல் இருந்துவிட்டு, ஒருநாள் ஊசியில் நூல் கோக்கும்போது ஊசிக்காது இரண்டாகத் தெரிந்ததில்தான் குட்டு வெளிப்பட்டது. கட்டியிலிருந்து வயிறு வரைக்கும் தோலுக்கு அடியிலேயே மெல்லிய குழாய் ஒன்றை ஓட்டினார்கள். தேங்கும் நீர் அதன் வழியே வயிற்றுக்குள் வடிந்துவிடும். எவ்வளவு வடியலாம் என்று காவல் பார்க்க, வலது காதுக்குப் பின்னால் கோட்டுப் பட்டன் அளவில் ஒரு வால்வு. அதன் எண்ணை மாற்றக் கத்தி வேண்டாம், வெளியிலிருந்தே ஒரு காந்தக் கருவியை வைத்து மாற்றிவிடலாம்.

குழாய் ஒருமுறை அடைத்துக்கொண்டது. மறுபடி திறந்து சரிசெய்தார்கள். அதன்பிறகு ஒரு வருஷம் எந்தத் தொந்தரவும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் அவள் புருஷன், ஒலிபெருக்கி மெக்கானிக், பயணிகள் கப்பலில் இரண்டு வருஷ வேலைக்குக் கிளம்பிப் போனான். இப்போது எட்டு மாதம் ஆகிறது.

அவன் போன நாலாம் மாதம் நோய் தலைகீழாகத் திரும்பியது. நீர் தேங்கவில்லை, அளவுக்கு மீறி வடிய ஆரம்பித்தது. நின்றால் தலைக்குள் இருப்பதெல்லாம் கழுத்து வழியாகக் கீழே இறங்குவது போல் ஒரு வலி. படுத்தால் கால்மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆஸ்பத்திரியில், வடிவது குறையும்படி வால்வின் எண்ணை ஏற்றிவிட்டு வந்தால் இரண்டு நாள் ராஜாத்தி போல் நடப்பாள். மூன்றாம் நாள் மறுபடி படுக்கை. மூன்று தடவை இதே கதை. வால்வே பழுது, எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் முடிவு சொல்லிவிட்டார். நாளைக் காலை ஆபரேஷன்.

இதில் ஒரு வார்த்தை கூடக் கப்பலில் இருப்பவனுக்குத் தெரியாது.

வண்டி நின்றது. நாத்தனார் முதலில் இறங்கி, சக்கர நாற்காலியை விரட்டிவிட்டு, படுக்கை வண்டிக்குக் குரல் கொடுத்தாள். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருபத்திரண்டு வருஷம் இருந்தவள். தெருவே அவளை செக்கர் என்றுதான் கூப்பிடும். தம்பி கப்பலேறிய மறுநாள் ஒரு பெட்டியோடு வந்து இறங்கியவள், அன்றைக்கே வீட்டின் நிர்வாகத்தையும் ஏற்றுக்கொண்டாள்.

"அண்ணி, வாசல்லேர்ந்து வார்டு வரைக்கும் நடந்தே வர்றேனே."

"உன் பதினோரு நிமிஷத்தை இந்தத் தாழ்வாரத்துல செலவு பண்ணப் போறியா? மேல ஜன்னலோரக் கட்டில் கேட்டு வாங்கி வெச்சிருக்கேன். அங்க போய் நில்லு."

பதினோரு நிமிடம் என்பது செக்கர் கண்டுபிடித்த கணக்கு. தம்பி பெண்டாட்டியை நிற்க வைத்து, கையில் கடிகாரத்தோடு எதிரே உட்கார்ந்து, ஒரு வாரம் தினமும் பார்த்து எடுத்த சராசரி. பதினொன்றைத் தாண்டினால் வலி வரும். அதனால் ஒரு நேரத்துக்குப் பதினொன்று, அதற்கு மேல் அனுமதி இல்லை. தையல்காரி எத்தனையோ கெஞ்சிப் பார்த்திருக்கிறாள். பஸ்ஸில் அழுத பிள்ளைகளையே பார்த்து அசராதவள் இதற்கா அசைவாள்?

ஜன்னலோரம் நன்றாகத்தான் இருந்தது. கட்டிலிலிருந்து மெதுவாக எழுந்து, செக்கரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்ச்சாரியில் ஒரு தையற்கடை. மாடி முன்னறையில் நீளமான மேஜை. ஒரு ஆள் நின்றபடி துணி வெட்டிக்கொண்டிருந்தான்.

அவன் கத்தரி போகும் வழியையே அவள் கண் தொடர்ந்தது. தைப்பதை எப்படி வேண்டுமானாலும் தைக்கலாம். ஹெம்மிங்கும் பட்டன் துளைக்கான காஜாவும் படுத்துக்கொண்டே எடுக்கிறாள், நாலு மாதமாக அதுதான் பிழைப்பு. வெட்டுவது அப்படியில்லை. நாலு மீட்டர் துணியை விரித்துப் போட்டு, இடுப்பை மேஜையில் அழுத்தி, கத்தரியை ஒரே ஓட்டமாக ஓட்ட வேண்டும். நிற்கத் தெரிந்தவளின் வேலை அது. ஊரில் அவளைப் போல வெட்ட ஆளில்லை என்று பேரெடுத்தவள் இப்போது மற்றவர்கள் வெட்டிய துணிக்குப் பட்டன் வைக்கிறாள்.

"அந்தாளு கத்தரியை ரொம்ப நிமித்திப் பிடிக்கிறான் அண்ணி. கைமடிப்பு கோணிக்கும்."

"கோணிக்கட்டும். உன் சட்டையா?"

"அவரு சட்டையை அப்படி வெட்டினா நான் சும்மா விடுவேனா?"

தோள் பதினெட்டு. மார்பு நாற்பது. கை இருபத்துநாலரை. புருஷன் அளவை அவள் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. வேறோர் அளவும் அவளுக்குத் தெரியும். நேருக்கு நேர் நின்றால் அவள் நெற்றி அவன் சட்டையின் இரண்டாவது பட்டனில் போய் இடிக்கும். கிளம்பின அன்றைக்கு அப்படித்தான் நின்றாள். பட்டன் நெற்றியில் வட்டமாகப் பதிந்து, அவன் போன பிறகும் கொஞ்ச நேரம் இருந்தது. கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள், பிறகு அது மறைந்ததும் அழுதாள். அவனுக்கு எதிரே அப்படி ஒரு தடவை நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. அதற்காகத் தலையை மூன்றாவது தடவை திறந்தாலும் சம்மதம் என்றுதான் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"ஏழு ஆச்சு," என்றாள் செக்கர்.

"குழாயே வேண்டாம், எடுத்துடுங்கன்னு சொன்னா கேக்க மாட்டேங்கறாரே டாக்டர்."

"அவர்தான் சொன்னாரேம்மா. உன் தலை அதுக்குப் பழகிடுச்சாம். இனிமே அது இல்லாம இருக்காதாம்."

"நானுந்தான் ஒருத்தருக்குப் பழகிப்போனேன். அவரு இல்லாம இருக்கலையா?"

செக்கர் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒன்பது. போதும், படு," என்றாள். இரண்டு நிமிடம் முன்கூட்டியே படுக்க வைத்தது இதுதான் முதல் தடவை.

படுத்ததும் தையல்காரிக்குக் கை சும்மா இருக்காது. பையிலிருந்து செக்கர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். பாதி முடிந்த சட்டை, நூல்கண்டு, கத்தரி. கடைசியாக நீல வெல்வெட் சுற்றிய ஊசிக் கிண்ணத்தை எடுத்து வழக்கம்போல் தலையணையில், வலது காதோரம் வைத்தாள். படுத்துத் தைக்கிறவள் ஊசியைத் தேடித் துழாவக் கூடாது, படுக்கையில் ஊசி சிந்தவும் கூடாது. அந்தக் கிண்ணத்தில் போட்ட ஊசி கவிழ்த்தாலும் விழாது. கல்யாணமான புதிதில் புருஷன் தன் கையால் செய்து கொடுத்தது.

சட்டை யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. இரண்டாவது பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் வந்தாள். வால்வைப் பார்த்துக்கொள்வதற்கென்றே இருக்கும் நர்ஸ், வயது ஐம்பதைத் தொடும். மூன்று தடவையும் எண்ணை மாற்றியவள் இவள்தான்.

"நாளைக்கு எடுக்கப் போற வால்வுதான். இருந்தாலும் கடைசியா ஒரு தடவை எண்ணைப் பார்த்து எழுதிடணும். தலையணையை எடுங்க. தலை மட்டமா இருக்கட்டும்."

செக்கர் தலையணையைக் கிண்ணத்தோடு தூக்கி ஜன்னல் மேடையில் வைத்தாள். நர்ஸ் ஒரு வட்டக் கருவியைக் காதுக்குப் பின்னால் வைத்தாள். பார்ப்பதற்குத் திசைகாட்டி மாதிரி இருக்கும். உள்ளே ஒரு முள் ஆடி ஆடி நிற்கும்.

"ஒண்ணு," என்றாள் நர்ஸ். "போன வாரம் அஞ்சுல வெச்சு அனுப்பினேன். ஒண்ணுல இருந்தா தலையில இருக்கிறதெல்லாம் வடியத்தான் செய்யும். சரி, திரும்ப அஞ்சுக்கு ஏத்திப் பார்க்கறேன். ஏறுதா இல்லையான்னு டாக்டர் கேப்பார்."

ஏற்றினாள். முள் ஐந்தில் நின்றது. எழுதிக்கொண்டாள். தாழ்வாரத்தில் யாரோ கூப்பிட, "இதோ வர்றேன், ரெண்டாவது தடவையும் பார்த்தாத்தான் எழுதினது செல்லும்," என்று போனாள். தலையணை கிண்ணத்தோடு பழைய இடத்துக்கு வந்தது. தையல்காரி வலப்பக்கம் ஒருக்களித்து ஒரு ஊசியை எடுத்தாள், நூல் கோத்தாள், பாதியில் விட்ட காஜாவைத் தொடர்ந்தாள்.

பத்து நிமிடம் கழித்து நர்ஸ் திரும்பி வந்தாள். பக்கத்து அறை நோயாளி ஒருவரைப் பார்க்கப் போக வேண்டிய அவசரம். தலையணையை எடுக்கச் சொல்லாமலேயே கருவியோடு குனிந்தாள்.

கருவி தலைக்கு ஒரு சாண் தள்ளி இருக்கும்போதே முள் கிறுகிறுவென்று சுற்றியது. சுற்றித் தலையணைப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டது.

நர்ஸ் கருவியைப் பின்னால் இழுத்தாள். மறுபடி கிட்டே கொண்டுவந்தாள். மறுபடி அதே கூத்து.

"இங்க காந்தம் ஏதாவது இருக்கா?"

கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டுவிட்டாள். செக்கருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"காந்தமா? எங்ககிட்டயா? நல்லா கேட்டீங்க! முதல் ஆபரேஷன் முடிஞ்சப்பவே தலைகிட்ட காந்தம் ஆகாதுன்னு ஒரு தாள் கொடுத்தீங்களே, அதைச் செவத்துல ஒட்டி வெச்சிருக்கேன். ரேடியோவைத் தூக்கிப் பக்கத்து வீட்ல கொடுத்தேன். ஃப்ரிட்ஜில ஒட்டியிருந்த பொம்மையெல்லாம் பிச்சுப் போட்டேன். பீரோக் கதவுல இருந்ததைக் கூடக் கழட்டினேன். போன்ல பேசினா ஒரு கை தள்ளித்தான் பிடிக்கணும் இவ. என் கண்ணுல மண்ணைத் தூவிட்டு ஒரு டிக்கெட் இல்லாத பயல் இறங்கினதில்ல, தெரியுமா?"

நர்ஸின் கண் தலையணையிலேயே இருந்தது. சட்டைப் பையிலிருந்த சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, பிடி தளர்த்திப் பிடித்தபடி தலையணையின் மேல் மெதுவாக நகர்த்தினாள். நீலக் கிண்ணத்துக்கு மேலே வந்ததும் கத்தரிக்கோல் அவள் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் ‘டக்’ என்று ஒட்டிக்கொண்டது.

"இது என்ன?"

"ஊசிக் கிண்ணம்," என்றாள் செக்கர். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"உள்ள என்ன இருக்கு?"

பதில் தையல்காரியிடமிருந்து வந்தது. "பழைய ஒலிபெருக்கியோட காந்தம். அவரு ரிப்பேர் கடை வெச்சிருந்தப்போ செஞ்சு கொடுத்தாரு."

நர்ஸ் கிண்ணத்தைக் கத்தரிக்கோலோடு தூக்கிக்கொண்டு அறைக்கு வெளியே போய் எங்கோ வைத்துவிட்டு வந்தாள். இப்போது கருவி ஒழுங்காக வேலை செய்தது. முள் ஆடி நின்றது.

"இரண்டு. அஞ்சுல வெச்சுட்டுப் போனேன். பத்து நிமிஷத்துல இரண்டு." அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். "வால்வுல ஒரு பழுதும் இல்லைம்மா."

நாலு மாதம் தினம் தினம் கண்ணெதிரே இருந்த பொருள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வீடெல்லாம் காந்தம் தேடியவள் கையாலேயே தினமும் தலைமாட்டில் வைத்த பொருள். அவர்களுக்கு அது காந்தம் இல்லை. அது கிண்ணம். கப்பலில் இருப்பவனின் கைவேலை. அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை.

பெரிய டாக்டர் வந்தார். நர்ஸ் சொன்னதைக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை துடைத்தார். திட்டுவார் என்று செக்கர் தலையைக் குனிந்து நின்றாள். அவர் திட்டவில்லை.

"எப்போலேர்ந்து அது தலைமாட்டுல இருக்கு?"

தையல்காரி யோசித்துச் சொன்னாள். நாலு மாதம் முன்னால் ஜுரத்தில் இரண்டு நாள் படுத்தபோது, சும்மா கிடக்க முடியாமல் பட்டன் தைக்க எடுத்தாள். கிண்ணம் முதல்முதலாகத் தலையணைக்கு வந்தது அன்றைக்குத்தான். ஜுரம் விட்டு எழுந்தபோது தலைவலி. வலிக்கிறதே என்று படுத்தாள். படுத்தவள் தைத்தாள். தைத்ததால் கிண்ணம் அங்கேயே இருந்தது.

"நாங்க ஏத்தி அனுப்புறோம், வீட்டுக்குப் போனதும் அது இறக்கிவிடுது," என்றார் டாக்டர். "நாளைக்கு ஆபரேஷன் வேண்டாம். ஆனா இப்பவே சந்தோஷப்படாதீங்க. நாலு மாசமா அதிகமா வடிஞ்சதில மண்டைக்கும் மூளைக்கும் நடுவுல மெல்லிசா ஒரு படலம் நீர் சேர்ந்திருக்கு, ஸ்கேன்ல தெரியுது. அஞ்சுல வெச்சு பத்து நாள் இங்கேயே பார்ப்போம். படலம் சுருங்கினா நடந்து வீட்டுக்குப் போகலாம். பெருகினா, திறந்துதான் ஆகணும்."

"நான் நிக்க முடியுமா டாக்டர்?"

"இன்னிக்கு வேண்டாம். தலை பழைய நிலைக்கு வர நாளாகும். நாளன்னிக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிக்கலாம். பெரும்பாலும் நிப்பீங்க."

பெரும்பாலும். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தையல்காரி கூரையைப் பார்த்தாள். நாலு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு நெஞ்சு லேசானது.

எல்லோரும் போய்விட்டார்கள். திரும்பிப் பார்த்தால் செக்கர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை பேர் அவளை வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பார்கள், ஒருநாளும் கலங்காதவள்.

"என் கையால வெச்சேனே. தினமும் என் கையால. உன்னைப் பார்த்துக்கறேன்னு வந்து உன்னைப் படுக்க வெச்சிருக்கேன் பாரு."

"அண்ணி, இங்க வாங்க. உக்காருங்க."

"என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டு உக்கார்றது?"

"இருக்கிற மூஞ்சியை வெச்சுக்கிட்டுத்தான். வாங்க." தையல்காரி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ஒருநாள் நீங்க அதை மேஜைக்கு மாத்தினீங்க, ஞாபகம் இருக்கா? இருக்கட்டும், எடுக்காதீங்கன்னு சண்டை போட்டது யாரு?"

"நீ சோம்பேறித்தனத்துல சொல்றேன்னு நெனச்சேன்."

"சோம்பேறித்தனமா? ஊசி எடுக்கவா நான் அதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டேன்?" அவள் குரல் தழுதழுத்தது. "அவரு தொட்டுச் செஞ்ச பொருள் வீட்டுல அது ஒண்ணுதான். தூங்கும்போது அதுமேல கையை வெச்சுக்குவேன். வெல்வெட்டு ஓரத்துல அவரு தச்சது கோணல்மாணலா இருக்கும், அதைத் தடவிக்கிட்டே தூங்கிடுவேன். இது யார்கிட்ட சொல்றது? சொன்னா சிரிக்க மாட்டாங்களா?"

செக்கர் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு இருந்தார்கள். தலையணையில் கிண்ணம் இருந்த இடத்தில் ஒரு சின்னக் குழி இருந்தது. தையல்காரி அதை உள்ளங்கையால் நிரவிவிட்டாள். அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நோயாவது தானாக வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இது அவள் ஆசைப்பட்டு அணைத்துக்கொண்டதால் வந்தது.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன்," என்றாள் செக்கர். "கிண்ணத்துனால வந்ததுன்னு தம்பிக்குத் தெரிய வேண்டாம். நொறுங்கிப் போயிடுவான்."

"அதைச் சொல்ல மாட்டேன்."

"அப்ப சரி. சாயங்காலம் வழக்கம்போல பேசிடு. செவுத்துத் துணியைக் கொண்டுவந்திருக்கேன்."

செவுத்துத் துணி என்பது இருவரும் சேர்ந்து செய்த களவாணித்தனம். வாரம் ஒருநாள் அவன் முகம் பார்த்துப் பேசக் கூப்பிடுவான். நின்று பேசப் பதினோரு நிமிடம் போதாது. படுத்திருப்பது தெரிந்தால் அவன் வேலையை உதறிவிட்டு வந்துவிடுவான், இரண்டு வருஷ ஒப்பந்தம் பாழாகும் என்று செக்கர்தான் வழி சொன்னாள். தலையணைக்கு மேல் வீட்டுச் சுவர் நிறத்தில் ஒரு துணியை விரிப்பாள். தையல்காரி கூந்தலை இறுக்கிப் பின்னி முன்பக்கம் தோளில் போட்டு ஊசி குத்திக்கொள்வாள். போனைக் கைநீட்டி முகத்துக்கு நேரே பிடித்தால், சுவரோரம் நின்று பேசுவது போலவே இருக்கும். "ஆமா, சமையல் ஆகிட்டு இருக்கு, நின்னுக்கிட்டே பேசறேன்," என்று அள்ளி விடுவாள். அவனும் நம்புவான். நம்புகிறானே என்று அவளுக்கு நிம்மதியாக இருக்கும். போனை வைத்த பிறகு, இவ்வளவு பார்த்தும் நம்புகிறானே என்று வலிக்கும்.

மணி ஐந்தரை ஆனது. செக்கர் துணியை உதறினாள்.

"மடிச்சு வைங்க அண்ணி."

"ஏய், இன்னிக்குத்தானே ஆபரேஷனே இல்லைன்னு ஆச்சு. இப்பப் போய் அவனைக் கலக்கணுமா? பத்து நாள் கழிச்சு எழுந்து நின்னே பேசலாமே."

"பத்து நாள்ல நிப்பேனோ, தலையைத் திறப்பாங்களோ, யாருக்குத் தெரியும்? நாளைக்கு ஆபரேஷன் நடந்து எனக்கு ஏதாவது ஆகியிருந்தா, நான் சுவத்துல சாஞ்சு சிரிச்ச மூஞ்சிதானே அவருக்குக் கடைசியா இருந்திருக்கும்? எனக்கு அது வேண்டாம்." அவள் பின்னலை அவிழ்த்தாள். கூந்தல் தலையணையில் இரண்டு பக்கமும் விழுந்தது. "ஒரு பொருளை வெச்சுக்கிட்டு ஆளுக்குப் பதிலா தடவிக்கிட்டுக் கெடந்தேன். ஆளையே கேட்டுடறேன். வான்னு சொல்லப் போறேன்."

செக்கர் துணியை மடித்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, வேண்டுமென்றே மெதுவாக மடித்தாள். பிறகு, "நான் போய் டீ குடிச்சிட்டு வர்றேன்," என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள். டீ குடிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

போன் அடித்தது. கைநீட்டி முகத்துக்கு நேரே பிடித்தாள். திரையில் அவன் வந்தான். குறுகலான நடை, பின்னால் வெள்ளைக் குழாய்கள், கழுத்தில் தொங்கும் ஹெட்போன். கொஞ்சம் இளைத்திருந்தான். மார்பு முப்பத்தெட்டரைதான் இருக்கும் என்று அவள் கண் தானாக அளந்தது. சட்டையைக் கொஞ்சம் பிடித்துத் தைக்க வேண்டியிருக்கும்.

"என்ன ஊசி, எப்படி இருக்கே?" மெல்லிசாக இருப்பாள், பேச்சும் குத்தும் என்பதால் அவன் வைத்த பெயர்.

"படுத்திருக்கேங்க."

அவன் போனைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தான்.

"ஆஸ்பத்திரியில படுத்திருக்கேன். நாலு மாசமா எழுந்து நிக்க முடியல. பத்து நிமிஷம் நின்னா தலை வலி உயிர் போகுது. நாளைக்கு ஆபரேஷன் இருந்துச்சு, இன்னிக்குத்தான் வேண்டாம்னாங்க. பத்து நாள் பார்க்கணுமாம். நின்னுக்கிட்டே பேசறேன்னு சொன்னதெல்லாம் பொய். அண்ணியைத் திட்டாதீங்க. நான்தான் சொன்னேன்." மூச்சு வாங்கியது. நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று விடாமல் சொன்னாள். "எனக்கு உங்களைப் பார்க்கணும். இதுல இல்ல. எதிர்ல. வந்துடுங்க. ஒப்பந்தம் போனாப் போகட்டும், வந்துடுங்க."

இத்தனை வருஷத்தில் அவனை அவள் ‘வா’ என்று கேட்டதே இல்லை. போகும்போது கூட, பத்திரமாகப் போய்வாருங்கள் என்றுதான் சொன்னாள்.

திரையில் அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். அதிர்ச்சி அடைவான், பதறுவான், ஏன் மறைத்தாய் என்று கத்துவான் என்று அவள் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள்.

"தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"நீ படுத்துக்கிட்டுப் பேசறது." அவன் அவளைப் பார்க்காமல் எங்கோ கீழே பார்த்துப் பேசினான். "உன் லோலாக்கு. நிக்கிறவளுக்கு அது தோளைப் பார்த்துத் தொங்கும். உனக்குக் காதுக்குப் பின்னால சாஞ்சு கெடக்கும். முதல் தடவை பார்த்தப்பவே தெரிஞ்சு போச்சு."

"முதல் தடவையா?"

"ஆமா. நாலு மாசமா."

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நாலு மாதம், வாரம் ஒருநாள். துணி விரித்து, பின்னலுக்கு ஊசி குத்தி, சிரித்துச் சிரித்துப் பேசிய ஒவ்வொரு நாளும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவனும் சிரித்திருக்கிறான். சமையல் என்ன என்று கேட்டிருக்கிறான்.

"தெரிஞ்சும் நீங்க ஏன் வரல?"

அவன் வாயைத் திறந்தான், மூடினான். பின்னால் யாரோ அவனைக் கடந்து போனார்கள். கப்பலின் இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட இடங்களில் அவளே ஒரு சிரிப்பைப் போட்டு, பேச்சை வேறு பக்கம் திருப்பி, அவனைக் காப்பாற்றிவிடுவாள். அது அவர்கள் இருவருக்கும் பழகிப்போன ஏற்பாடு. இன்று அவள் காப்பாற்றவில்லை. கை வலிக்க வலிக்கப் போனைப் பிடித்தபடி, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள்.